ரத்தத்துக்குள் ஒரு கண்மாய்!

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் ஒருவருக்குக் காய்ச்சல் என்றால், அன்றைக்குத் தெருவில் குறைந்தது நாலு டாக்டர்கள் உருவாகிவிடுவார்கள்.

“நிலவேம்புக் கசாயம் குடிச்சியா?” என்பார் முதல் டாக்டர் (டீக்கடை). “மெடிக்கல்ல சொல்லி ஒரு செட் மாத்திரை வாங்கிப் போடு, பட்டுனு நிக்கும்!” என்பார் இரண்டாவது டாக்டர் (சைக்கிள் கடை). “உச்சிப் பொழுதுல புளிய மரத்தடியில போனியா?” என்று ஆரம்பிப்பார் மூன்றாவது டாக்டர் (பக்கத்து வீட்டு அப்பத்தா). நாலாவது டாக்டர் செல்போனில் எதையோ பார்த்துவிட்டு, “பப்பாளி இலை... பிளேட்லெட் சும்மா ஜிவ்வுனு ஏறும்” என்பார்.

வேடிக்கை என்னவென்றால், இந்த நாலு பேர் சொல்வதும் பெரும்பாலும் பலித்துவிடும்! காரணம் கசாயமும் இல்லை, விபூதியும் இல்லை. காய்ச்சல்களில் பெரும்பாலானவை நாலைந்து நாளில் தானே வந்து தானே போகிறவை. பெயர் மட்டும் சைக்கிள் கடைக்கு!

இந்தக் கட்டுரை, தானே போகாத காய்ச்சலைப் பற்றியது. ஆயிரத்தில் ஒன்றோ, பல ஆயிரத்தில் ஒன்றோ... கிருமியை அடிக்கப் புறப்பட்ட நம் உடம்பின் சொந்தப் படையே, திரும்பி நின்று நம் ரத்தத்தைத் தின்ன ஆரம்பிக்கிற காய்ச்சல். வேலியே பயிரை மேய்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். இது வேலியே ரத்தத்தை மேய்வது!

தண்டோரா போடும் புரதங்கள்

முதலில் ‘சைட்டோகைன்’ என்றால் என்ன? பெயரைக் கேட்டதும் ஏதோ வெளிநாட்டு சென்ட் என்று நினைத்துவிடாதீர்கள். நம் உடம்பின் செல்கள் ஒன்றுக்கொன்று சேதி சொல்லிக்கொள்ளும் குட்டிக் குட்டிப் புரதங்கள் அவை. அந்தக் காலத்தில் ஊருக்கு ஊர் தண்டோரா போடுவார்களே, அது மாதிரி. “இதனால் சகலமானவர்களுக்கும் தெரிவிப்பது என்னவென்றால், இடது காலில் கிருமி நுழைந்துவிட்டது... வெள்ளை அணுக்கள் எல்லாம் உடனே வந்து சேரவும்... டும் டும் டும்!”

1957-ல் லண்டனில் ஐசக்ஸ், லிண்டன்மான் என்ற இரண்டு விஞ்ஞானிகள், வைரஸின் வேலையில் குறுக்கிடும் ஒரு பொருளைக் கண்டுபிடித்து ‘இன்டர்ஃபெரான்’ என்று பெயர் வைத்தார்கள். 1974-ல்தான் இந்த வகையறா முழுமைக்கும் ‘சைட்டோகைன்’ என்ற பொதுப் பெயர் வந்தது. 1986-ல் ஜப்பானின் ஒசாகாவில் கிஷிமோட்டோ குழுவினர் ‘இன்டர்லூக்கின்-6’ என்ற சைட்டோகைனின் ஜீனைப் பிரித்தெடுத்தார்கள். சுருக்கமாக ஐ.எல்.-6. கொரோனா சமயத்தில் ஆஸ்பத்திரிப் பக்கம் போனவர்களுக்கு இந்தப் பெயர் ஞாபகம் இருக்கும்.

காய்ச்சல் வருவதே இந்தத் தண்டோராவால்தான். ஐ.எல்.-1, ஐ.எல்.-6 போன்றவை மூளைக்குச் சேதி அனுப்பி, “கொஞ்சம் சூட்டை ஏத்துப்பா” என்கின்றன. உடம்பு வலி, பசியின்மை, படுத்தே கிடக்கலாம் என்ற சோர்வு எல்லாமே இவர்கள் கைங்கரியம். அளவோடு இருந்தால் நல்லதுதான். சண்டை முடிந்ததும் தண்டோராக்காரர் வீட்டுக்குப் போய்விட வேண்டும். போகாவிட்டால்?

இங்கேதான் எங்கள் ஊர்க் கண்மாய் வருகிறது.

கலிங்கு அடைத்துக்கொண்டால்...

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான கண்மாய்கள். வானம் பார்த்த பூமி. பெய்கிற மழையைப் பிடித்து வைத்தால்தான் சோறு. கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வெளியேறுவதற்கு ஒரு வழி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் கலிங்கு. கலிங்கு ஒழுங்காக ஓடினால் எவ்வளவு மழை பெய்தாலும் பயமில்லை. அது அடைத்துக்கொண்டால் கரை உடையும். காப்பாற்றிய அதே தண்ணீர் ஊருக்குள் வந்து வீட்டை இடிக்கும்.

நம் உடம்பிலும் ஒரு கலிங்கு உண்டு. கொலைகார செல்கள் என்று பயமுறுத்தும் பெயர் கொண்ட வெள்ளை அணுக்கள். கிருமி புகுந்த செல்லில் ‘பெர்ஃபோரின்’ என்ற புரதத்தால் ஓட்டை போட்டு அதைத் தீர்த்துக்கட்டுவார்கள். வேலை முடிந்தபின், உசுப்பேறித் திரியும் தங்கள் ஆட்களையே அடக்கிப் படையைக் கலைப்பதும் இவர்கள் பொறுப்பு. இந்தக் கலிங்கு அடைத்துக்கொண்டால் தண்டோரா நிற்காது. இன்டர்ஃபெரான்-காமா கொட்டோ கொட்டென்று கொட்டும். அதில் வெறியேறிய ‘மேக்ரோஃபேஜ்’ என்ற பெருந்தீனி அணுக்கள் எலும்பு மஜ்ஜையில் உட்கார்ந்துகொண்டு சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று வித்தியாசம் பார்க்காமல் விழுங்கும்.

இதன் பெயர் ஹீமோஃபாகோசைட்டிக் லிம்ஃபோஹிஸ்டியோசைட்டோசிஸ். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் திருமயம் பஸ் கிளம்பிவிடும் என்பதால் டாக்டர்களே ‘எச்.எல்.எச்.’ என்று சுருக்கிவிட்டார்கள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

இது இரண்டு வகை. ஒன்று, பிறவியிலேயே கலிங்கு சரியில்லாத குழந்தைகளுக்கு வருவது. 1952-ல் ஸ்காட்லாந்தில் ஒரே குடும்பத்துக் குழந்தைகளிடம் இதைக் கண்டு எழுதினார்கள். பெர்ஃபோரின் ஜீனில் உள்ள கோளாறு ஒரு காரணம் என்று 1999-ல்தான் பிடிபட்டது. சிகிச்சை இல்லையென்றால் இந்தக் குழந்தைகள் சில மாதங்கள்கூடத் தாங்குவது கஷ்டம். எச்.எல்.எச்.-94 என்ற சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு, அதில் சேர்ந்த குழந்தைகளில் பாதிக்குச் சற்று மேல், அதாவது 54 சதவிகிதம் பேர், ஐந்து வருடம் கழித்தும் உயிரோடு இருந்தார்கள்.

இன்னொரு வகை, நல்லாயிருந்த ஆளுக்கு ஏதோ ஒன்று தூண்டிவிட்டு வருவது. தூண்டுவது வைரஸாக இருக்கலாம், ரத்தப் புற்றாக இருக்கலாம், மூட்டுவாத நோயாக இருக்கலாம். நம் நாட்டில் இந்தப் பட்டியலில் டெங்கு, டைபாய்டு, மலேரியாவோடு ஒரு சின்னஞ்சிறு பூச்சியும் உண்டு.

அப்பத்தாவின் சந்தேகம்

போன வருஷம் கார்த்திகை மாசம். ஆலங்குடிப் பக்கம் இருக்கும் என் சித்தப்பா மகள் போன் செய்தாள்.

“அண்ணே, பாப்பாவுக்கு ஒம்பது நாளா காச்சல் விடல. டெங்கு இல்லேங்கறாங்க. ரிப்போர்ட்டெல்லாம் இங்கிலீஷ்ல கத்தை கத்தையா இருக்கு. நீங்க கொஞ்சம் வந்து பாருங்கண்ணே...”

பாப்பா என்றால் கைக்குழந்தை இல்லை. கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிற என் மருமகள். லீவுக்கு வந்தவள், கடலைக்கொல்லையில் அம்மாவுக்கு ஒத்தாசையாகக் களை பிடுங்கியிருக்கிறாள். முதல் மூன்று நாள் ‘செட் மாத்திரை’. அப்புறம் ஓர் இடத்தில் ஊசி. அதற்கப்புறம் ஆஸ்பத்திரி.

அங்கே இருந்த டாக்டர் விவரமானவர். “உடம்புல எங்கயாவது சிகரெட்டால சுட்ட மாதிரி கறுப்பா ஒரு புண் இருக்கா?” என்று கேட்டார். எல்லோரும் இல்லை என்று தலையாட்ட, மூலையில் உட்கார்ந்திருந்த அப்பத்தா மட்டும், “பாவாடை நாடா கட்டுற எடத்துல ஒண்ணு இருக்கு சாமி. ஈரத்துணி வச்சுத் தொடச்சப்ப பாத்தேன். ஏதோ பூச்சிக்கடின்னு விட்டுட்டேன்” என்றார். நர்ஸம்மா திரையை இழுத்துவிட்டுப் பார்த்தார். இருந்தது!

ஸ்க்ரப் டைபஸ். தமிழ்ப் பத்திரிகைகளில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதுகிறார்கள். புல் பூண்டு, புதர்களில் இருக்கும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு பூச்சியின் குஞ்சு கடிப்பதால் வருவது. கடி வலிக்காது, புண்ணும் வலிக்காது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்பு மடிப்பு என்று மறைவான இடமாகப் பார்த்துத்தான் கடிக்கும். மழைக்காலமும் அதை ஒட்டிய மாதங்களும் அதற்கு சீசன். டாக்சிசைக்ளின் என்ற பழைய, மலிவான மாத்திரையிலேயே பெரும்பாலும் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும்.

பாப்பாவுக்கு இறங்கவில்லை. மூன்றாம் நாளும் 103 டிகிரி. மண்ணீரல் வீங்கிவிட்டது. தட்டணுக்கள் 62,000-லிருந்து 38,000. ஹீமோகுளோபின் 11-லிருந்து 8.4. பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கையில் மஞ்சள் பையுடன் நானும் ஆம்புலன்ஸில் ஏறினேன்.

அங்கே ரத்த நோய் டாக்டர், ரிப்போர்ட்டுகளைத் தேதி வாரியாக மேஜைமேல் சீட்டுக் கட்டு மாதிரி பரப்பினார். “ட்ரைகிளிசரைடு 340, பாத்தீங்களா சார்?” என்றார்.

“அப்படின்னா?”

“ரத்தத்துல கொழுப்பு.”

அப்பத்தாவுக்குக் கோபமே வந்துவிட்டது. “எட்டு நாளா கஞ்சித் தண்ணிகூட எறங்கல எம் பேத்திக்கு. கொழுப்பு எங்கேருந்து சாமி ஏறும்?”

டாக்டர் சிரிக்கவில்லை. “அதேதான் ஆத்தா என் கேள்வியும்!” என்றார்.

அந்தக் கேள்விக்குள்தான் மொத்த வியாதியும் இருந்தது. பட்டினி கிடக்கிற உடம்பில் கொழுப்பு ஏறுவதற்குக் காரணம், சைட்டோகைன். கொழுப்பை உடைத்து எடுத்துக்கொள்ளும் என்சைமின் கையை அது கட்டிப்போட்டுவிடுகிறது. அதனால் கொழுப்பு ரத்தத்திலேயே தேங்கிவிடுகிறது.

அன்று ராத்திரியே இன்னொரு டெஸ்ட் முடிவு வந்தது. ஃபெரிட்டின் 14,200. பெண்களுக்கு அது இருநூறைத் தாண்டினாலே புருவத்தைத் தூக்குவார்கள்.

அளவுக்கல் எது?

ஃபெரிட்டின் என்பது இரும்புச் சத்தைப் பூட்டி வைக்கும் பெட்டி. ரத்தசோகை இருக்கிறதா என்று பார்க்க சாதாரணமாக எழுதிக் கொடுக்கும் டெஸ்ட்தான். குறைந்தால் இரும்புச் சத்து இல்லை என்று அர்த்தம். ஆனால் பெருந்தீனி அணுக்கள் வெறியேறித் திரியும்போது இந்தப் பெட்டியை லாரி லாரியாக ரத்தத்தில் இறக்கும். கண்மாய்த் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளவுக்கல்லைப் பார்த்துச் சொல்வதுபோல, உடம்புக்குள் தண்டோரா எவ்வளவு சத்தமாக இருக்கிறது என்று ஃபெரிட்டினைப் பார்த்துச் சொல்லலாம்.

நான் சும்மா இருப்பேனா? வீட்டில் நாலு பக்கம் படித்துவிட்டு வந்து மறுநாள் டாக்டரை மடக்கினேன்.

“ஏன் டாக்டர், அளவுக்கல்லு எதுக்கு? நேரா சைட்டோகைனையே அளந்துட வேண்டியதுதானே?”

“அளக்கலாம் சார். ஆனா அதுல மூணு தொல்லை இருக்கு” என்று விரல் மடக்கினார்.

முதல் தொல்லை, இந்தப் புரதங்களில் பல, சுரந்த இடத்திலேயே வேலையை முடித்துவிட்டு மறைந்துவிடுகின்றன. எடுத்த ரத்தத்தைச் சரியாகக் குளிர்ப்பதனம் செய்யாவிட்டால் கணக்கு தப்பிவிடும். இரண்டாவது தொல்லை, எல்லா ஊரிலும் இந்த டெஸ்ட் கிடையாது. ரத்தத்தை ஐஸ் பெட்டியில் வைத்துப் பெரிய நகரத்துக்கு அனுப்பி, முடிவு வருவதற்குள் நாலைந்து நாள் ஓடிவிடும். அந்த நாலைந்து நாள் நோயாளிக்கு இல்லை. மூன்றாவது, சைட்டோகைன் ஏறுவது இந்த ஒரு வியாதியில் மட்டும் இல்லை. ரத்தத்தில் கிருமி கலக்கிற செப்சிஸிலும் ஐ.எல்.-6 ஏறும்.

அதனால் உலகம் பூரா டாக்டர்கள் ஒரு தந்திரம் செய்கிறார்கள். வெள்ளம் வந்த வேகத்தை அளக்க முடியாவிட்டால், அது சுவரில் விட்டுப்போன சேற்றுக் கோட்டை அளப்பதில்லையா? இன்டர்ஃபெரான்-காமாவை அளப்பதற்குப் பதில், அது தட்டி எழுப்பிவிடும் சி.எக்ஸ்.சி.எல்.9 என்ற இன்னொரு புரதத்தை அளக்கிறார்கள். டி-செல்கள் உசுப்பேறும்போது உதிர்க்கும் ஒரு துண்டு இருக்கிறது. ஐ.எல்.-2-ஐப் பிடித்துக்கொள்ளும் கொக்கி. அது ரத்தத்தில் மிதப்பதை அளக்கிறார்கள். நோய் தணியத் தணிய இதுவும் இறங்கும் என்பதால் இது நல்ல அளவுக்கல். மூட்டுவாதக் குழந்தைகளுக்கு வரும் இதே மாதிரிப் புயலில் ஐ.எல்.-18 மிக அதிகமாக ஏறுவதால் அதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள்.

2004-ல் வகுத்த இலக்கணப்படி எட்டு அடையாளங்கள். விடாத காய்ச்சல், மண்ணீரல் வீக்கம், மூன்று வகை ரத்த அணுக்களில் இரண்டாவது குறைவது, ட்ரைகிளிசரைடு ஏறுவது அல்லது ஃபைப்ரினோஜன் இறங்குவது, ஃபெரிட்டின் 500 அல்லது அதற்கு மேல், மஜ்ஜையில் அணுவை அணு தின்னும் காட்சி, கொலைகார செல்களின் சோம்பல், அந்த ஐ.எல்.-2 கொக்கி 2,400 யூனிட் அல்லது அதற்கு மேல். எட்டில் ஐந்து இருந்தால் எச்.எல்.எச்.

பாப்பாவுக்கு முதல் ஐந்தும் இருந்தன. எண்ணிப் பாருங்கள்... அந்த ஐந்துமே தொட்டுப் பார்த்தும், மாவட்டத் தலைநகரில் கிடைக்கிற டெஸ்ட்டுகளை வைத்தும் சொல்லக்கூடியவை! 2014-ல் பாரிஸ் டாக்டர்கள் இதையே இன்னும் எளிதாக்கி, மார்க் போட்டுக் கூட்டிப் பார்க்கும் ஒரு கணக்கையும் கொடுத்திருக்கிறார்கள்.

குறைந்தால் சந்தோஷப்படாதீர்கள்!

இன்னொரு விசித்திரமும் சொல்ல வேண்டும். ஈ.எஸ்.ஆர். என்ற டெஸ்ட் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடம்பில் அழற்சி இருந்தால் அது ஏறும். பாப்பாவுக்கு முதலில் 60 இருந்தது. பிறகு 12 ஆனது. “கொறஞ்சிருச்சுண்ணே!” என்று என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டர் முகமோ இன்னும் இறுகியது.

விஷயம் இதுதான். ஈ.எஸ்.ஆர். ஏறுவதற்கு ஃபைப்ரினோஜன் என்ற புரதம் வேண்டும். எச்.எல்.எச். முற்றும்போது அந்தப் புரதமே கரைந்துபோவதால் ஈ.எஸ்.ஆர். விழுகிறது. காய்ச்சல் கொதிக்கும்போது ஈ.எஸ்.ஆர். மட்டும் விழுந்தால் அது நல்ல செய்தி அல்ல. கரை உடைந்த பிறகு கண்மாயில் தண்ணீர் மட்டம் குறைவதில்லையா, அந்தக் குறைவு!

ஃபெரிட்டினையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பிவிட முடியாது. அமெரிக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் பழைய கணக்குகளைப் புரட்டி 2008-ல் எழுதினார்கள். குழந்தைகளுக்கு ஃபெரிட்டின் 10,000-க்கு மேல் போனால் அது எச்.எல்.எச்.தான் என்று பெரும்பாலும் அடித்துச் சொல்லலாம். பெரியவர்களுக்கு அப்படிச் சொல்ல முடியாது. கல்லீரல் கெட்டாலும், அடிக்கடி ரத்தம் ஏற்றினாலும், கிட்னி பழுதானாலும், கடுமையான கிருமித் தொற்றிலும் அது ஏறும். அதனால்தான் ஒரு எண்ணை மட்டும் பார்க்காமல், எண்கள் போகும் திசையைப் பார்க்கிறார்கள்.

கொரோனா சொன்ன பாடம்

2021 ஏப்ரல், மே மாதங்கள் ஞாபகம் இருக்கிறதா? ‘சைட்டோகைன் புயல்’ என்ற வார்த்தை நம் ஊர் டீக்கடைக்கே வந்துவிட்டது. ஐ.எல்.-6-ன் வாயை அடைக்கும் ‘டொசிலிசுமாப்’ ஊசிக்காக ஜனங்கள் ஊர் ஊராக அலைந்தார்கள். கள்ள மார்க்கெட், போலி மருந்து, எல்லாம் நடந்தது.

அதே வருஷம் பிரிட்டனில் ‘ரெக்கவரி’ என்ற பெரிய ஆய்வின் முடிவு வந்தது. ஆக்சிஜன் குறைந்து, அழற்சி அதிகமாக இருந்த நோயாளிகளில், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 35 சதவிகிதம் பேர் இறந்தார்கள். கூடவே டொசிலிசுமாப் பெற்றவர்களில் 31 சதவிகிதம். நூற்றுக்கு நாலு உயிர். பெரிய விஷயம்தான், ஆனால் சர்வரோக நிவாரணி அல்ல.

அழற்சி அதிகமாக இருக்கிறது என்பதை அந்த ஆய்வில் எதை வைத்து முடிவு செய்தார்கள் தெரியுமா? ஐ.எல்.-6 டெஸ்ட்டை வைத்து அல்ல. சி.ஆர்.பி. என்ற சாதாரண, மலிவான டெஸ்ட்டை வைத்து! ஐ.எல்.-6 சொல்லித்தான் கல்லீரல் சி.ஆர்.பி.யைச் சுரக்கிறது. எஜமானனைத் தேடிப் போக வேண்டியதில்லை. வேலைக்காரன் ஓடுகிற வேகத்தைப் பார்த்தாலே எஜமானன் கோபம் தெரிந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. டொசிலிசுமாப் போட்ட பிறகு ரத்தத்தில் ஐ.எல்.-6 அளந்தால், இறங்குவதற்குப் பதில் ஏறியிருக்கும்! வாசற்கதவை அடைத்துவிட்டதால் தண்டோராக்காரர்கள் தெருவிலேயே கூட்டமாக நிற்கிறார்கள். உள்ளே சேதி போகவில்லை. விவரம் தெரியாதவர் அந்த எண்ணைப் பார்த்தால் நோய் முற்றிவிட்டது என்று பயந்துவிடுவார்.

மகளின் மருந்து

இந்த டொசிலிசுமாப் பற்றி ஒரு நிஜக் கதை. 2012-ல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில், எமிலி வைட்ஹெட் என்ற 6 வயதுச் சிறுமி. ரத்தப் புற்று. எந்த மருந்துக்கும் மசியவில்லை. அவளுடைய டி-செல்களையே வெளியே எடுத்து, ஜீனை மாற்றி, புற்றை வேட்டையாடப் பழக்கி, திரும்ப உடம்பில் விட்டார்கள். குழந்தைகளில் அந்த சிகிச்சை பெற்ற முதல் ஆள் அவள். வேட்டை மும்முரமாக நடந்தது. கூடவே பயங்கரக் காய்ச்சல், வென்டிலேட்டர், கோமா.

ரத்தத்தில் சைட்டோகைன்களை அளந்தார்கள். ஐ.எல்.-6 எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. ஆராய்ச்சித் தலைவர் கார்ல் ஜூனின் மகளுக்கு மூட்டுவாதம்; அதற்கு ஐ.எல்.-6-ஐத் தடுக்கும் மருந்து ஒன்று இருப்பது அந்தத் தகப்பனுக்குத் தெரிந்திருந்தது. அதைப் போட்டுப் பார்க்கலாம் என்றார். போட்டார்கள். மளமளவென்று காய்ச்சல் இறங்கி, தன் 7-வது பிறந்த நாளன்று கண் விழித்தாள் எமிலி. புற்றும் போய்விட்டது. ஓர் எண்ணைச் சரியான நேரத்தில் அளந்ததால் கிடைத்த உயிர்!

இன்னொருவர் டேவிட் ஃபாஜன்பாம். 2010-ல் மருத்துவக் கல்லூரி மாணவராக இருந்தபோதே ‘காசில்மேன் நோய்’ என்ற அபூர்வமான ரத்த அழற்சி நோயில் விழுந்தார். ஐந்து முறை சாவின் வாசல்வரை போய் வந்தார். அந்த நோய்க்கு ஐ.எல்.-6-தான் வில்லன் என்று கருதி அதற்கான மருந்தைக் கொடுத்தார்கள். இவருக்குக் கேட்கவில்லை. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? தன்னுடைய பழைய ரத்த சாம்பிள்களையே எடுத்து ஆராய்ந்தார். நோய் திரும்பி வருவதற்குமுன்பே அந்த ஐ.எல்.-2 கொக்கியும், ரத்தக்குழாயை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். என்ற புரதமும் ஏற ஆரம்பித்திருந்தன. இரண்டையும் இணைக்கும் பாதையை யூகித்து, கிட்னி மாற்று நோயாளிகளுக்குக் கொடுக்கும் ‘சிரோலிமஸ்’ என்ற பழைய மருந்தை 2014-ல் தனக்கே தொடங்கினார். அதே வருஷம் கல்யாணமும் செய்துகொண்டார். இன்று டாக்டராக, மற்றவர்களுக்கு மருந்து தேடிக்கொண்டிருக்கிறார்.

2018-ல் இன்டர்ஃபெரான்-காமாவையே பிடித்துக் கட்டிப்போடும் ‘எமபலுமாப்’ என்ற மருந்துக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. விலை கேட்காதீர்கள். நம் காணி நிலத்தை வைத்துக் கணக்குப் போட்டால் கட்டுப்படியாகாது.

துண்டுச் சீட்டு

பாப்பாவுக்கு அப்படியொன்றும் தேவைப்படவில்லை. டாக்சிசைக்ளினோடு அசித்ரோமைசினையும் நரம்பு வழியாகச் சேர்த்தார்கள். கடுமையான உண்ணிக் காய்ச்சலுக்கு இரண்டும் சேர்ந்தால் ஒன்றைவிட நல்லது என்று வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் முன்னின்று ஏழு மருத்துவமனைகளில் செய்த ஆய்வு, 2023-ல் வெளிவந்திருக்கிறது. கூடவே, புயலை அடக்க டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. எல்லாம் பழைய மருந்துகள்.

நான் ஒரு துண்டுச் சீட்டில் ஃபெரிட்டினை எழுதிக்கொண்டே வந்தேன். 14,200... 9,600... 4,100... 1,300... ஒவ்வொரு எண் வரும்போதும் தங்கை என் முகத்தைப் பார்ப்பாள். நான் கண்மாய்க் கணக்கில் சொல்வேன்: “ரெண்டு முழம் எறங்கிருச்சும்மா.” 4,100 வந்த அன்று, “மாமா, பசிக்குது” என்றாள் பாப்பா. அப்பத்தா வார்டு வாசலில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதார். அத்தனை நாள் அழாதவர்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. அதே வார்டில், பதினைந்து நாள் தாண்டி வந்த ஒருவருக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை. அவருக்கும் பெரும்பாலும் அதே எண்கள்தான். பார்த்த நாள்தான் வேறு.

புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கைக்குப் புற்றுநோய் வந்தபோது, வெறும் வயிற்றுக்கடுப்பு என்று நினைத்து வைத்தியம் பார்த்தார்கள். உண்மை தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்த வேதனைதான் 1954-ல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக முளைத்தது. 2017 முதல் எங்கள் ஊரிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது. இனிமேல் ‘வெறும் காய்ச்சல்’ என்று நினைத்துக்கொண்டு நாளைக் கடத்த வேண்டியதில்லை.

மஞ்சள் பையில் என்ன இருக்க வேண்டும்?

டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கிய ஐந்து சங்கதிகள்:

1. காய்ச்சல் ஆரம்பித்த தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். “ஒரு வாரமா இருக்கும்” என்பது தேதி இல்லை.

2. வயல், கொல்லை, புதர்ப் பக்கம் போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால், உடம்பின் மறைவான இடங்களில் கறுப்புப் புண் இருக்கிறதா என்று வீட்டுப் பெரியவர்கள் பாருங்கள். வெட்கப்பட்டு மறைக்கும் வயசுப் பிள்ளைகளுக்கு இது ரொம்ப முக்கியம்.

3. ஒரு வாரம் தாண்டியும் காய்ச்சல் நிற்கவில்லை, ரத்த அணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன, மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்றால், “ஃபெரிட்டின் பார்க்கலாமா டாக்டர்?” என்று மரியாதையாகக் கேளுங்கள். தப்பே இல்லை. நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

4. ஸ்டீராய்டு மாத்திரையை நீங்களாகவே கடையில் வாங்கிப் போடாதீர்கள். உள்ளே ரத்தப் புற்று ஒளிந்திருந்தால் அதன் அடையாளத்தையே அது அழித்துவிடும். கிருமி இருந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

5. பழைய ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். தேதி வாரியாக அடுக்கி, ஒரு பையில் போட்டு, எந்த டாக்டரிடம் போனாலும் கூடவே கொண்டுபோங்கள். ஒரு ரிப்போர்ட் ஒரு எண்ணைத்தான் சொல்லும். நாலு ரிப்போர்ட் சேர்ந்தால் நோய் ஏறுகிறதா, இறங்குகிறதா என்று சொல்லும்.

ஜவுளிக்கடைப் பை போதும். கிழியாமல் இருந்தால் சரி!